“நீங்கள் சேமித்தது”: தருமபுரிக் குடும்பம் ஒன்றின் ஆறு மாத மளிகைக் கணக்கும் கூப்பனும்

2025 ஜூலை 5, சனிக்கிழமை மாலை, என் அக்கா தருமபுரி நான்கு ரோட்டுக்கு அருகில் உள்ள ஒரு சூப்பர் மார்க்கெட்டிலிருந்து இரண்டு கனத்த பைகளோடு வீடு திரும்பினார். கொண்டுவந்த பில்லின் அடியில், மற்ற எழுத்துகளைவிடப் பெரிய எழுத்தில், “நீங்கள் சேமித்தது ரூ. 412” என்று அச்சாகியிருந்தது. அதை அவர் மாமாவிடம் நீட்டியபோது, மாமா பில்லைப் படித்துவிட்டு, “மிச்சமான 412 ரூபா எந்தப் பையில இருக்கு?” என்று கேட்டார். அக்கா பதில் சொல்லவில்லை. அன்று விருந்தினனாக அங்கே இருந்த எனக்கும், வணிகவியல் கற்பிக்கும் ஆசிரியனாக இருந்தும், உடனே சொல்ல விடை கிடைக்கவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடி ஆறு மாதம் எழுதிய கணக்கே இந்த ஆய்வு.

வீட்டின் அமைப்பு

பென்னாகரம் சாலையில், நகரிலிருந்து பேருந்தில் அரை மணிக்கும் குறைவான தொலைவில் உள்ள ஒரு கிராமத்தில் அக்காவின் வீடு இருக்கிறது. அக்கா, மாமா, கல்லூரியில் படிக்கும் மகள், பள்ளியில் படிக்கும் மகன், எழுபது வயதைக் கடந்த மாமியார் என ஐந்து பேர். மாமா ஒரு தனியார் கல்லூரிப் பேருந்தின் ஓட்டுநர். மாதம் 5ஆம் தேதி சம்பளம் வரும். அக்கா வீட்டிலேயே தையல் தைக்கிறார்; ஊரின் மகளிர் சுய உதவிக் குழு ஒன்றுக்குக் கணக்கும் எழுதுகிறார்.

இந்தக் கடைசிச் செய்தி இந்த ஆய்வுக்கு முக்கியமானது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டின் மகளிர் குழுத் திட்டம் 1989-இல் முதன்முதலாகத் தொடங்கப்பட்டது தருமபுரி மாவட்டத்தில்தான்; கிருஷ்ணகிரி அப்போது தனி மாவட்டம் ஆகியிருக்கவில்லை, 2004-இல்தான் பிரிந்தது. அக்காவின் மாமியார் அந்தத் தொடக்க கால உறுப்பினர்களில் ஒருவர். கையெழுத்துப் போடக் கற்றதே குழுவின் வரவு செலவுப் பதிவேட்டில்தான் என்று இன்றும் சொல்வார். வரி போட்டு, தேதி எழுதி, கூட்டிப் பார்த்து, அடியில் கோடு இழுக்கும் பழக்கம் அந்த வீட்டுக்குப் புதிதன்று. அதை மளிகைச் சாமானுக்குப் பயன்படுத்தியதில்லை, அவ்வளவுதான்.

2025 ஏப்ரல், மே, ஜூன் மாதங்களின் பில்களையும், உள்ளூர் மளிகைக் கடையின் பற்று நோட்டையும் வைத்து ஒரு சராசரி மாதத்தை முதலில் கணக்கிட்டோம். காய்கறி, பால், இறைச்சி, எரிவாயு ஆகியவை இதில் சேராதவை. அரிசி 26 கிலோ மூட்டை 1,450 ரூபாய். (இந்த 26 கிலோவுக்கு ஒரு கதை உண்டு: 2022 ஜூலையில், 25 கிலோ வரை பொட்டலமிட்டு முத்திரையிட்ட தானியத்துக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்ததும் அரிசி மூட்டை ஒரு கிலோ பெருத்தது.) பருப்பு வகைகள் 900, எண்ணெய் 890, சர்க்கரையும் வெல்லமும் 150, கேழ்வரகு 225, மிளகாய், மல்லி, மசாலாப் பொடிகள் 620, மாவும் ரவையும் 265. இவற்றின் கூட்டுத்தொகை 4,500 ரூபாய். டீத்தூள், காப்பித்தூள் 310. சோப்பு, பற்பசை, ஷாம்பு, துவைக்கும் தூள், பாத்திரம் துலக்கும் பொருள் 980. பிஸ்கட், நூடுல்ஸ், சத்துமாவு பானம், நொறுக்குத் தீனி 870. இவை சேர்ந்து 2,160. மொத்தம் மாதத்துக்கு 6,660 ரூபாய்.

கணக்கை இப்படி 4,500 என்றும் 2,160 என்றும் இரண்டாகப் பிரித்ததற்குக் காரணம் உண்டு. அது கூப்பனின் பின்பக்கத்தில் இருந்தது.

கூப்பன் என்று இங்கே எதைச் சொல்கிறோம்

கூப்பன் யோசனையை வீட்டுக்குக் கொண்டுவந்தது அக்காவின் மகள். அமெரிக்கப் பெண்கள் தள்ளுவண்டி நிறையச் சாமான் வாங்கிவிட்டு, கத்தரித்து வைத்த கூப்பன் கட்டைக் கொடுத்து, நூறு டாலர் பில்லை ஐந்து டாலராக்கும் காணொளிகளை அவள் பார்த்திருந்தாள். அந்த நாட்டில் அது நடக்கக்கூடியதே. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோகோ கோலா நிறுவனம் ஒரு குவளை பானம் இலவசம் என்று சீட்டு வழங்கியதிலிருந்து அங்கே அந்த வழக்கம் தொடர்கிறது. உற்பத்தியாளர் வெளியிடும் கூப்பன் ஒன்று, கடை வெளியிடும் கூப்பன் ஒன்று, இரண்டையும் ஒரே பொருளின்மேல் அடுக்க அங்கே பல கடைகள் அனுமதிக்கின்றன. உற்பத்தியாளரின் கூப்பனுக்கு உரிய தொகையைக் கடை அவரிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொள்கிறது. ஞாயிற்றுக்கிழமை நாளிதழோடு கூப்பன் கட்டு வந்து விழும் நாடு அது.

தருமபுரியில் நாளிதழோடு வருவது துணிக்கடைத் துண்டறிக்கைதான். நம் ஊரில் “டோக்கன்” என்ற சொல்லுக்கு உள்ள மதிப்பு “கூப்பன்” என்பதற்குக் கிடையாது. பொங்கல் தொகுப்புக்கு நியாய விலைக் கடையில் கொடுக்கும் டோக்கனை எவரும் தொலைப்பதில்லை. ஆறு மாதத்தில் அந்த வீட்டுக்குள் வந்த கூப்பன்களை நான் வகைப்படுத்தியபோது ஐந்து வகைதான் தேறின. முதலாவது, சூப்பர் மார்க்கெட் பில்லோடு வரும் “அடுத்த முறை ரூ. 1,500-க்கு மேல் வாங்கினால் ரூ. 100 தள்ளுபடி” என்ற சீட்டு. இரண்டாவது, சோப்புக் கட்டிலும் டீத்தூள் பையிலும் ஒட்டியிருந்த பத்து, இருபது ரூபாய்க் குறைப்பு. மூன்றாவது, கைப்பேசியில் பணம் செலுத்தியபின் சுரண்டிப் பார்க்கும் கேஷ்பேக் அட்டை. நான்காவது, ஒன்றோடு ஒன்று இலவசமாக வரும் பிளாஸ்டிக் டப்பா. ஐந்தாவது, தீபாவளிக் குலுக்கல் கூப்பன். பெயரும் கைப்பேசி எண்ணும் எழுதிப் பெட்டியில் போட்டதற்குப் பலனாக, மனை விற்பவர்களின் அழைப்புகள்தாம் வந்தன.

இவற்றுள் கணக்கில் வைக்கத் தக்கது முதல் வகைதான். எனவே அதன் பின்பக்கத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டியதாயிற்று. “அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை மற்றும் உதிரிப் பொருள்களுக்குப் பொருந்தாது” என்று அதில் இருந்தது. கடையின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதில் குற்றமில்லை: அத்தகைய பொருள்களில் அவர்களுக்கு லாபம் மெலிது, சோப்பிலும் பிஸ்கட்டிலும்தான் கூப்பன் தரும் அளவுக்கு இடமிருக்கிறது. வாங்குபவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதன் பொருள் வேறு. களியும் சோறும் குழம்பும் உண்ணும் ஒரு வீட்டில், 6,660 ரூபாய்ச் செலவில் கூப்பன் தொடக்கூடிய பகுதி 2,160 ரூபாய் மட்டுமே. மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. கூப்பனால் மளிகைச் செலவைப் பாதியாக்கலாம் என்று யார் சொன்னாலும், அவர் சொல்வது பெட்டியிலும் பொட்டலத்திலும் அடைத்ததை மட்டுமே உண்ணும் வீட்டைப் பற்றியது.

முதல் இரண்டு தோல்விகள்

இனி ஜூலை 5ஆம் தேதிப் பில்லுக்கு வருவோம். ஜூன் மாதப் பில்லோடு கிடைத்த நூறு ரூபாய்க் கூப்பனைப் பயன்படுத்துவதற்காக, வாரம் அறுநூறு, எழுநூறு என்று வாங்குவதை ஒன்றாக்கி, அக்கா 1,720 ரூபாய்க்குச் சாமான் எடுத்திருந்தார். கல்லாவில் இருந்த பெண், “அக்கா, இதுல எண்ணெய் 450 சேராது, 1,270-தான் கணக்கு வரும்” என்றார். பின்னால் வரிசை நீண்டிருந்தது. அக்கா பக்கத்து அடுக்கிலிருந்து ஒரு சத்துமாவு பானப் பாட்டிலும் இரண்டு சாக்லேட்டும் எடுத்தார், 240 ரூபாய். தொகை 1,510 ஆனது, கூப்பன் ஏற்கப்பட்டது, 1,960 ரூபாய்க்கு 1,860 ரூபாய் கொடுத்தார்.

அந்த “412 ரூபாய்” எப்படி வந்தது என்று பிரித்துப் பார்த்தோம். அதில் 312 ரூபாய், அச்சிட்ட அதிகபட்ச விலைக்கும் அந்தக் கடை நாள்தோறும் எல்லோருக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வேறுபாடு. சென்ற மாதமும் அக்கா அதே விலைக்குத்தான் வாங்கினார். அதற்கு முந்தைய மாதமும் அப்படியே. எம்.ஆர்.பி. என்பது அதற்கு மேல் விற்கக் கூடாது என்று சட்டம் போட்ட கூரை; அந்த விலையிலேயே விற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கூரையிலிருந்து அளந்தால் யாரும் குள்ளமாகத்தான் தெரிவார்கள். மீதி 100 ரூபாய் உண்மையான தள்ளுபடி. அதைப் பெறப் பட்டியலில் இல்லாத 240 ரூபாய்ப் பொருள் வாங்கப்பட்டது. ஆகவே அன்றைய உண்மைக் கணக்கு 140 ரூபாய் நட்டம். மாமா கேட்ட கேள்விக்கு இதுவே விடை.

இதிலிருந்து ஒரு விதி செய்துகொண்டோம்: சேமிப்பை எம்.ஆர்.பி.யிலிருந்து அளப்பதில்லை, அந்த வீடு வழக்கமாகக் கொடுத்துவந்த விலையிலிருந்துதான் அளப்பது. குழுவின் பழைய பதிவேடு ஒன்றில் எஞ்சியிருந்த வெற்றுத் தாள்களில் நான்கு பத்தி போடப்பட்டது: பொருள், அளவு, வழக்கமாகக் கொடுக்கும் விலை, ஒரு கிலோ அல்லது ஒரு லிட்டருக்கு வரும் விலை. முப்பத்து நான்கு பொருள்கள் வந்தன. அக்கா எழுத, மாமியார் கூட்டல் சரிபார்த்தார்.

ஆகஸ்டுத் தோல்வி வேறு விதம். ஜூலை 5 பில்லோடு வந்த புதிய கூப்பன் முப்பது நாள் செல்லும். சம்பளம் 5ஆம் தேதி வருவதால் அக்கா ஆகஸ்ட் 5 அன்று போனார். கூப்பன் ஆகஸ்ட் 4-உடன் முடிந்திருந்தது. முப்பத்தொரு நாள் உள்ள மாதத்தில், மாதம் ஒருமுறை ஒரே தேதியில் போகிறவர் ஒரு நாளில் கூப்பனை இழப்பார் என்பதை அதை அச்சடித்தவர் அறிந்தே செய்தாரா என்று எனக்குத் தெரியாது. தற்செயல் என்றே வைத்துக்கொள்கிறேன்.

நான்கு வாரத்துக்கு ஒரு செவ்வாய்

அந்த இழப்புக்குப் பின் வந்த மாற்றமே இந்த ஆய்வின் நடுப்பகுதி. மாதம் ஒருமுறை என்பதை விட்டு, இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டார்கள். ஆகஸ்ட் 5 செவ்வாய்க்கிழமை. அங்கிருந்து நான்கு நான்கு வாரமாக எண்ணினால் செப்டம்பர் 2, செப்டம்பர் 30, அக்டோபர் 28, நவம்பர் 25, டிசம்பர் 23, எல்லாமே செவ்வாய். தினசரி நாட்காட்டியில் அந்தத் தாள்களின் மூலையை அக்கா மடித்து வைத்தார். ஒவ்வொரு முறையும் முந்தைய கூப்பனுக்கு இரண்டு நாள் ஆயுள் மிச்சமிருந்தது. செவ்வாய்க்கிழமை கடையில் கூட்டம் குறைவு. நின்று பொட்டலத்தைத் திருப்பிப் பார்க்க நேரம் கிடைத்தது.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் இருந்தது. செப்டம்பர் 2 சம்பளத்துக்கு முன்னால் வருகிறது. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் தேதி பின்னோக்கி நகர்கிறது. மாதச் சம்பளம் ஆண்டுக்குப் பன்னிரண்டு. நான்கு வாரப் பயணம் பதின்மூன்று. கையில் 1,600 ரூபாய் எப்போதும் தனியாக இருந்தால்தான் இது நடக்கும். அந்தத் தொகை தையல் கூலியிலிருந்து அக்கா சேர்த்த சிறுவாட்டுப் பணத்தில், கடுகு டப்பாவுக்கு அடியிலிருந்து வந்தது. இந்த முதல் இல்லாத வீட்டுக்கு இந்த முறை பொருந்தாது என்பதைச் சொல்லியாக வேண்டும். கையில் பணம் இருப்பவருக்கே தள்ளுபடி என்பது சந்தைக்குப் பழைய வழக்கம்.

போக்குவரத்துச் செலவும் அப்படித்தான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் அக்கா போனால் செலவு சுழியம். அக்டோபரில் ஒருமுறை, டீத்தூளுக்கு இருபது ரூபாய்க் கூப்பன் இருக்கிறதென்று மகன் பைக்கில் போய் வந்தான். பெட்ரோல் 60 ரூபாய். அந்த வரியின் எதிரே மாமியார் சிவப்பு மையில் சுழித்திருக்கிறார்.

பேருந்தில் போவதால் எடை ஒரு வரம்பு. இரண்டு கையிலும் பத்து, பன்னிரண்டு கிலோவுக்கு மேல் தூக்க முடியாது. ஆகவே அரிசி, பருப்பு, எண்ணெய் போன்ற கனத்த பொருள்கள் உள்ளூர் மளிகைக் கடையிலேயே நின்றன. அவற்றுக்குக் கூப்பன் பொருந்தாது என்பதும் இதுவும் ஒன்றாகப் பொருந்திப்போயின. அந்தக் கடைக்காரரிடம் அக்காவுக்கு இருபது ஆண்டுப் பற்று. ஒருநாள் நோட்டைக் காட்டி, “அண்ணா, பருப்பெல்லாம் மாசத்துக்கும் ஒண்ணாவே வாங்கிக்கிறேன், கையிலயே காசு குடுத்துடறேன், என்ன விலைக்குப் போடுவீங்க?” என்று கேட்டார். அவர் சற்று யோசித்து, “கிலோவுக்குக் கொஞ்சம் குறைச்சுக்கலாம், வெளியில சொல்லாதீங்க” என்றார். அச்சடிக்காத, காலாவதி ஆகாத, பின்பக்கம் பொடி எழுத்து இல்லாத கூப்பன் இது. மாதத்துக்கு 45 ரூபாய் மிச்சப்படுத்தியது.

நோட்டின் நான்காவது பத்தி, அதாவது கிலோ விலைப் பத்தி, எதிர்பாராத சில வேலைகளைச் செய்தது. ஒரு சூரியகாந்தி எண்ணெய்ப் பையில் “10 ரூபாய் குறைவு” என்று மஞ்சள் பட்டை ஒட்டி 138 ரூபாய் போட்டிருந்தது. வழக்கமாக வாங்குவது 150. திருப்பிப் பார்த்தால் உள்ளே 850 மில்லிலிட்டர்தான். லிட்டருக்கு 162 ரூபாய் வருகிறது. பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகளில் 2021-இல் செய்த திருத்தத்தின்படி, ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லிலிட்டருக்கு (பெரிய பொட்டலமானால் ஒரு கிலோவுக்கு அல்லது ஒரு லிட்டருக்கு) என்ன விலை என்பதையும் பொட்டலத்தின்மேல் அச்சிட வேண்டும், எம்.ஆர்.பி.க்கு அருகிலேயே சிறிதாக இருக்கும். அக்கா கடையில் முதலில் படிப்பது இப்போது அந்த எண்ணைத்தான். பெரிய பொட்டலம் மலிவு என்ற நம்பிக்கையும் எல்லா இடத்திலும் நிற்கவில்லை: துவைக்கும் தூளில் அது சரி, ஷாம்புவில் தவறு. சரமாகத் தொங்கும் சிறு பொட்டலங்களே பாட்டிலைவிட மில்லிலிட்டருக்கு மலிவாக இருந்தன. இவ்விரண்டிலும் மாதம் 35 ரூபாய். பொட்டல மசாலாப் பொடியை விட்டு, மிளகாயும் மல்லியும் வாங்கிக் காயவைத்து மில்லில் அரைத்துக்கொண்டதில் 90 ரூபாய். மில்லில் அரைத்த பொடிக்கு எந்தக் கூப்பனும் இல்லை என்பதால் அது காணொளிகளில் வருவதில்லை.

குடும்ப அட்டையை மறந்தது

நோட்டை எழுதும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அக்காவின் வீடு அரிசி அட்டை வைத்திருந்தும், பல மாதங்களாக நியாய விலைக் கடையில் அரிசியும் சர்க்கரையும் மட்டுமே வாங்கிவந்தது. துவரம் பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய்க்கும் அட்டைக்கு உண்டு. 2007 முதல் நடக்கும் சிறப்புத் திட்டம் அது. வாங்காமல் விட்டதற்குக் காரணங்கள் எளியவை. பருப்பும் எண்ணெயும் அரிசியோடு ஒரே நாளில் வருவதில்லை. பகலில் போகக்கூடியவர் மாமியார். கூலி வேலை செய்து தேய்ந்த அவருடைய விரல் ரேகையை விற்பனைக் கருவி பல நாள் ஏற்காமல் திருப்பி அனுப்பும். இரண்டாவது முறை நடக்க அவருக்குக் கால் வராது.

வெளியில் பருப்பு கிலோ 130, எண்ணெய் லிட்டர் 150. ஆக, முழுமையாக வாங்கும் மாதத்தில் அட்டையால் மட்டும் 225 ரூபாய் மிச்சம். சூப்பர் மார்க்கெட் கூப்பன் இரண்டுக்கும் மேல். நூறு ரூபாய்க் கூப்பனுக்காக நாட்காட்டித் தாளை மடித்த வீடு, அதைவிடப் பெரிய தள்ளுபடியைத் தெருமுனையில் விட்டுவைத்திருந்தது. அதன் பிறகு விடுமுறை நாளில் அக்காவின் மகள் போனாள். பாமாயிலை எல்லாச் சமையலுக்கும் ஏற்க மாமா சம்மதிக்கவில்லை; வடைக்கும் அப்பளத்துக்கும் என்று உடன்பாடு ஆயிற்று. ஆறு மாதத்தில் எண்ணெய் ஆறு முறையும் பருப்பு ஐந்து முறையும் கிடைத்தன.

கணக்கு

ஜூலை முதல் டிசம்பர் வரையான ஆறு மாதத்தைப் பழைய சராசரியோடு ஒப்பிடுவதில் இரண்டு எச்சரிக்கைகள் தேவைப்பட்டன. தீபாவளிப் பலகாரச் செலவு தனித் தாளில் எழுதப்பட்டு இதில் சேர்க்கப்படவில்லை. பருப்பு, எண்ணெய் விலைகளின் ஏற்ற இறக்கம் குழப்பாமலிருக்க அவற்றைப் பழைய விலையிலேயே எழுதினோம். செப்டம்பர் 22-இல் குளியல் சோப்பு, பற்பசை, ஷாம்பு, பிஸ்கட் ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்ததை மட்டும் ஒரு தனி வரியில் வைத்தோம். 118 ரூபாய்ப் பொருள் 105 ஆகிறது. அதாவது ஏறத்தாழ 11 சதவீதம். அதை வீட்டின் சாமர்த்தியம் என்று காட்டுவது நேர்மையாகாது.

பழைய கணக்கின்படி ஆறு மாதச் செலவு 39,960 ரூபாய் ஆகியிருக்க வேண்டும், ஆனது 35,235. குறைந்தது 4,725. இதில் ஜி.எஸ்.டி. குறைப்பு 210. குடும்ப அட்டை 1,250. கிலோ விலை பார்த்தது, மொத்தமாகக் காசு கொடுத்தது, மில்லில் அரைத்தது ஆகியவை மாதம் 170 வீதம் 1,020. கூப்பன் கணக்கு தனி: பில் கூப்பன் ஆறு முறை 600, பொட்டலக் கூப்பன்கள் 70, கேஷ்பேக் 15, ஆக 685. அதிலிருந்து ஜூலையின் தேவையற்ற 240-உம் பெட்ரோல் 60-உம் போக, 385 ரூபாய். மாதத்துக்கு 64 ரூபாய். சுரண்டல் அட்டைகளில் ஆறு மாதத்தில் கிடைத்த பதினைந்து ரூபாய், அவற்றைச் சுரண்டிய நேரத்துக்குக் கூலியாகாது.

மீதமுள்ளது 1,860 ரூபாய். இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தொகை. பிஸ்கட், நூடுல்ஸ், பானம், நொறுக்குத் தீனி என்று 870 ஆகிவந்த மாதச் செலவு 560 ஆனதால் வந்தது. யாரும் யாரையும் தின்னாதே என்று சொல்லவில்லை. முன்பு வாரம் ஒருமுறை சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனார்கள், பிள்ளைகளும் கூடப் போனார்கள். போன ஒவ்வொரு முறையும் எழுபது, எண்பது ரூபாய்க்குப் பட்டியலில் இல்லாதது பையில் ஏறியது. 1,500 ரூபாய் என்ற வரம்பை எட்டுவதற்காக நான்கு பயணம் ஒன்றாயிற்று. மூன்று பயணங்களோடு அந்தச் சாமான்களும் நின்றன. கூப்பன் நேரடியாகத் தந்தது 385. கூப்பனுக்காக ஏற்படுத்திக்கொண்ட ஒழுங்கு தந்தது அதைப்போல ஐந்து மடங்குக்கு அருகில். கடை நம்மை அதிகமாக வாங்க வைக்க விதித்த நிபந்தனை, பட்டியலோடு போகிறவரிடம் எதிர்த்திசையில் வேலை செய்திருக்கிறது என்பதே இந்த வீட்டின் நோட்டிலிருந்து நான் படித்துக்கொண்டது. பட்டியல் இல்லாமல் போனால் அதே நிபந்தனை ஜூலை 5-ஐத் தரும்.

ஜூலை 5 முதல் டிசம்பர் 23 வரையான ஏழு சூப்பர் மார்க்கெட் பில்களின் அடியிலும் அச்சாகியிருந்த “நீங்கள் சேமித்தது” தொகைகளை அக்காவின் மகள் வேடிக்கைக்காகக் கூட்டினாள். 2,646 ரூபாய் வந்தது.

இது ஒரு வீட்டின் ஆறு மாதம் மட்டுமே. கேழ்வரகுக்கும் அரிசிக்கும் அதிகம் செலவிடும் வீடு, கணக்கு எழுதத் தெரிந்த இரண்டு பெண்கள், கட்டணமில்லாப் பேருந்து, கடுகு டப்பாவில் முன்பணம் ஆகியவை இருந்தன. ஓசூரில் வாடகை வீட்டில் தனியாக இருந்து பொட்டல உணவை நம்பும் தொழிற்சாலை இளைஞர் ஒருவருக்குக் கூப்பன் தொடும் பகுதி மிகப் பெரிதாக இருக்கும்; அவருடைய கணக்கு வேறாகத்தான் வரும்.

டிசம்பருக்குப் பின்

டிசம்பர் 23 அன்று கல்லாவில் மறுபடியும் ஜூலையின் நிலை வந்தது. நொறுக்குத் தீனி குறைந்ததாலும் வரி குறைந்ததாலும் கூப்பனுக்கு உரிய தொகை 1,480-இல் நின்றது; இருபது ரூபாய் போதவில்லை. அக்கா இந்த முறை பக்கத்து அடுக்கைப் பார்க்கவில்லை. நோட்டின் அடுத்த பக்கத்தில் ஜனவரிக்கென்று எழுதியிருந்த துணிசோப்பு இரண்டை எடுத்து வைத்தார்.

அந்தப் பில்லோடு வந்த புதிய கூப்பனில் வரம்பு 2,000 ரூபாய் ஆகியிருந்தது. மகள், அதை எட்ட இன்னும் என்ன சேர்க்கலாம் என்று எண்ணத் தொடங்கினாள். அக்கா நோட்டைப் புரட்டிப் பார்த்தார். “நம்ம வீட்டுக்கு அவ்வளவு சாமான் வேண்டாம்” என்று சொல்லிக் கூப்பனைப் பதிவேட்டில் பக்க அடையாளமாக வைத்தார். 2026 ஜனவரி 20, செவ்வாய்க்கிழமை, வழக்கம்போல நகரப் பேருந்தில் போய் 1,390 ரூபாய்க்கு வாங்கி வந்தார். பில்லின் அடியில் “நீங்கள் சேமித்தது ரூ. 287” என்று இருந்தது. மாமா அதைப் படித்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், நோட்டோடு சேர்த்துக் குண்டூசி குத்தி வைத்தார்.